ஏழாம் குழியின் கொடி

அத்தியாயம் 4

"விளையாடுதவங்க மட்டுந்தான் உள்ள நடக்கலாம். கிளப்பு விதி, கேட்டியளா? துப்பறியுதவங்களுக்குன்னு தனியா ஒண்ணும் எழுதி வைக்கல," என்றார் ஜார்ஜ் அண்ணாச்சி.

"அப்படின்னா விளையாடறோம்," என்றார் ரஹீமுன்னிசா.

ரெஜி தன் துப்பறியும் முதலாளியம்மாவைத் திரும்பிப் பார்த்தான். ஐம்பத்தாறு வயது. கறுப்புப் புர்காவுக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ. கேரம் போர்டைத் தவிர வேறெந்த விளையாட்டையும் அவர் தொட்டு ரெஜி பார்த்ததில்லை. அதிலும் காயைவிட ஸ்ட்ரைக்கரைத்தான் அதிகமாகக் குழியில் தள்ளுவார்.

"அக்கா, இங்க ஒன்பது குழி கீதாம்," என்று காதோரம் முணுமுணுத்தான். "நம்மளுக்கு நாலே பேஜாரு."

"ஏழாவது வரைக்கும் போனா போதும். வா."

எர்ணாவூருக்கும் நெட்டுக்குப்பத்துக்கும் நடுவே, கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் சாலைக்கும் கடலுக்கும் இடையில் நீளமாகக் கிடந்தது அந்த கோல்ஃப் மைதானம். எப்போதோ மூடிப்போன ஒரு கம்பெனி தன் அதிகாரிகளுக்காகப் போட்டது. கம்பெனி போய்விட்டது, குழிகள் தங்கிவிட்டன. இப்போது வண்ணாரப்பேட்டை இரும்பு வியாபாரிகளும் தண்டையார்பேட்டை மொத்தக் கடைக்காரர்களும் தொந்தியைக் குறைப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்து ஆடுகிறார்கள். செயலாளர் ஜார்ஜ் அண்ணாச்சி உடன்குடிப் பக்கத்துக்காரர். காசிமேட்டில் வலை, கயிறு, நங்கூரம் என்று படகுச் சாமான் அத்தனையும் விற்கும் கடை அவருடையது.

வழக்கு இதுதான். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, ஆண்டுக் கோப்பையின் இறுதி ஆட்டம். ஜார்ஜும் பழைய இரும்பு வியாபாரி சௌக்கத் அலியும் ஆறு குழி வரை சமம். ஏழாவதில் ஜார்ஜ் கொடியைப் பார்த்து அடித்த பந்து, அவர் வாக்கில் சொன்னால், "ஆணி அடிச்ச மாதிரி" நேராகப் போனது. குழியை மறைக்கும் மணல்மேட்டில் ஏறிப் பார்த்தால் பந்தைக் காணோம். அவர் பார்த்த இடத்தில் கொடியும் இல்லை. அங்கிருந்து நூறு அடி வலப்பக்கம், மைதானத்தைப் பராமரிக்கும் ஜஹானாரா கொடிக்கம்பைக் கையில் பிடித்துக் குழியில் நட்டுக்கொண்டிருந்தாள். சௌக்கத் அலியின் பந்து அந்தக் குழிக்குப் பக்கத்தில் சொகுசாகக் கிடந்தது. கோப்பை அவர் வீட்டுக்குப் போனது.

கொடியை இடம் மாற்றி ஏமாற்றினாள் என்று ஜஹானாராவுக்கு இரவோடு இரவாக வேலைநீக்கக் கடிதம் வந்துவிட்டது. இன்று நாலு மணிக்குள் சாவியை ஒப்படைத்து அறையையும் காலி செய்ய வேண்டும். அந்த ஒற்றை அறையில்தான் பதினெட்டு வருஷம் அவளும் கணவர் அத்தாவுல்லாவும் குடியிருந்தார்கள். அவர் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவர் பார்த்த வேலையைத்தான் இப்போது அவள் பார்க்கிறாள்.

மணி ஒன்றரை.

ஆடுகிறவர்களின் அடிகளை எண்ண கிளப் ஆள் ஒருவர் கூடவே நடக்க வேண்டும் என்பதும் விதியாம். அந்தப் பொறுப்பை ஜார்ஜ் அண்ணாச்சியே சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜஹானாரா பின்னால் வந்தாள். ரெஜிக்கு அக்காவான ரஹீமுன்னிசா அவளுக்கு ஆப்பா.

"கொடிய நீ நட்டது உண்மைதானே?" என்று நடந்துகொண்டே கேட்டார் ரஹீமுன்னிசா.

"உண்மைதான் ஆப்பா. மத்தியானத்துக்கு மேல கடல் காத்து பிச்சிக்கினு வரும். ஏழாவதுல கொடிய நிக்க வுட்டா மூங்கிலு முறிஞ்சிடும். அதனால படுக்க வச்சிடுவோம். ஆடறவங்க மேட்டுக்கு வந்தப்பறம் எடுத்து நடுவோம். எங்க வூட்டுக்காரரு வச்ச பழக்கம். மத்தியானம் ஆடறவங்க கொடியத் தேடவே மாட்டாங்க. பவர் ஹவுஸோட மூணாவது சிம்னியப் பாத்து அடிப்பாங்க. சௌக்கத் பாயும் சிம்னியப் பாத்துதான் அடிச்சாரு."

"நான் காலைல கடை தெறக்க முன்ன ஆடுதவன்," என்றார் ஜார்ஜ். "நேத்து விருந்தாளி லேட்டா வந்ததால மத்தியானம் ஆட வேண்டியதாப் போச்சு. எனக்குச் சிம்னிக் கதையெல்லாம் தெரியாது. கொடி நின்னுச்சு. காத்துல ஆடுச்சு. ரெண்டு கண்ணால பாத்தேன். படுத்துக் கெடந்த கொடி எப்படிம்மா ஆடும்?"

ஜஹானாரா மட்டைப் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"மொத்தம் எத்தனை கொடி?" என்றார் ரஹீமுன்னிசா.

"ஒன்பது, ஆப்பா. தெனம் சாயங்காலம் எண்ணித்தான் உள்ள வைப்பேன். நேத்தும் ஒன்பதுதான்."

முதல் குழி. ரெஜி கில்லி ஆடி வளர்ந்தவன். மட்டையை ஒற்றைக் கையில் பிடித்து, பந்தை லேசாகத் தட்டி எழுப்பி, அந்தரத்தில் வைத்து ஒரு சாத்து சாத்தினான். பந்து வேலியைத் தாண்டி, நகர்ந்துகொண்டிருந்த ஒரு டிரெய்லரின் மேல் உட்கார்ந்தது. லாரி டிரைவர்கள் விசில் அடித்தார்கள்.

"பந்து இப்ப ஆந்திராவுக்குப் போய்க்கினு கீது," என்றான் ரெஜி. "அண்ணாச்சி, அங்க குழி எதுனா வச்சிக்கிறீங்களா?"

ஜார்ஜ் அட்டையில் ஏதோ குறித்தார். முகத்தில் கருணையே இல்லை.

ரஹீமுன்னிசாவின் ஆட்டம் வேறு மாதிரி. வாசல் பெருக்குவதுபோல் பந்தைத் தள்ளிக்கொண்டே போனார். அது ஒரு தடவைகூடத் தரையை விட்டு எழும்பவில்லை. ஆனால் எங்கும் திரும்பவும் இல்லை. நாலு அடியில் முடிக்க வேண்டிய குழியை இருபத்தொன்றில் முடித்தார்.

இரண்டாவது குழிக்குப் போகும் வழியெல்லாம் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. பந்து கருவாட்டுக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது.

"கருவாட்டுல வுழுந்தா கையால எடுத்து ஒரு மட்டை தூரம் தள்ளி வைக்கலாம். தண்டனை கெடையாது," என்றார் ஜார்ஜ்.

"இதுவும் கிளப்பு விதியா?"

"இல்ல. அது கன்னியம்மா போட்ட விதி."

விதியைப் போட்டவள் குடையின் கீழ் உட்கார்ந்து காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள். ரஹீமுன்னிசா அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பந்தை விட்டுவிட்டு நெத்தி­லி விலையை விசாரிக்க ஆரம்பித்தார். ரெஜி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இந்த அக்காவுக்கு நேரங்காலமே கிடையாது.

"வூட்டுக்காரரு கடலுக்குப் போறதில்லையா?"

"போவாம இன்னா? தெனம் மத்தியானம் ஃபைபர் போட்டு எடுத்துக்கினு போயி வல வுட்டுட்டு விடியத்தான் வரும். முகத்துவாரம் மண்ணு மூடிக் கெடக்குதும்மா. தண்ணி ஏறினாத்தான் போட்டு வெளிய போவும். அது வரிக்கும் அங்கயே காத்துக்கினு கெடக்கணும். நேத்து ரெண்டே காலுக்குத்தான் தண்ணி வந்துச்சாம். அந்தக் கடுப்புல கொழம்புச் சட்டிய ஒடச்சிக்கினு வந்து, வானத்துலேர்ந்து கல்லு வுழுந்துச்சுன்னு என்கிட்டயே கத வுடறான்."

"கல்லு எங்க?"

"நானும் அதத்தான் கேட்டேன். காணமாம். போட்டு தள்ற அவசரத்துல தேடலையாம்!"

ரஹீமுன்னிசா எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். "ரெஜி, மணி என்ன?"

"ஒன்னேமுக்கா தாண்டிச்சு."

"மூணு மணிக்கு நாம ஏழாவதுல நிக்கணும். கையை வீசி ஆடு."

நேற்று ரெண்டே கால் என்றால் இன்றைக்குத் தண்ணீர் முக்கால் மணி நேரம் தள்ளி ஏறும். காசிமேட்டில் பிறந்த ரெஜிக்கு அது யாரும் சொல்லித் தர வேண்டிய கணக்கு இல்லை. ஆனால் கோல்ஃப் ஆட எதற்குத் தண்ணீர் என்பதுதான் புரியவில்லை.

மூன்றாவது குழியில் ரஹீமுன்னிசா கொடிக்கம்பைப் பிடுங்கி, சிவப்பு நைலான் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலை நகத்தால் நிமிண்டினார். அவர் வீட்டுக்காரர் கல்மண்டபத்தில் தையல் கடை வைத்திருந்தவர். எதைப் பார்த்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் வியாதி அந்த மனிதருக்கு. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில், குனிந்து நாடி பார்த்த டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் புரட்டி, "காஜா சரியில்ல தம்பி, கழட்டிக் குடு," என்றார். டாக்டரும் சிரித்தார். ரெஜி அப்போது பக்கத்தில்தான் நின்றான். அன்றிலிருந்து அக்கா துணியைத் திருப்பும்போதெல்லாம் அவன் ஜோக் அடிப்பதில்லை. பத்து விநாடி பொறுப்பான்.

பத்து விநாடி ஆனது.

"இன்னாக்கா, சட்டைக்கு எடுக்கறியா?"

"இந்த ஓரத்துல வளையமா ஒரு காது வச்சுத் தச்சிருக்கான் பாரு. குழியில நிக்கிற கொடிக்குக் காது எதுக்கு? அதுல எதைக் கட்டுவாங்க?"

ரெஜி பார்த்தான். அவன் கண் விரிந்தது. "அக்கா, இது நம்ம..."

"தெரிஞ்சா வாயை மூடிக்கிட்டு அடி."

அவன் வாழ்க்கையிலேயே வாயை மூடியிருந்த மூன்று குழிகள் அவை. நாலாவதில் பந்து அலைதடுப்புக் கற்களில் மோதித் திரும்பி வந்து ஜார்ஜின் தொப்பியைத் தட்டியது. ஐந்தாவதில் ரஹீமுன்னிசா பிற்பகல் அஸ்ர் தொழுகைக்குள் முடியுமா என்று சத்தமாகக் கவலைப்பட்டார். ஆறாவதில் வேலிகாத்தான் முள்ளுக்குள் போன பந்தை எடுக்கப் போன ரெஜி, மூன்று பந்துகளோடும் கிழிந்த பேண்ட்டோடும் திரும்பினான்.

"இது வரைக்கும் எரநூத்து எட்டு அடி," என்றார் ஜார்ஜ் பரவசத்தோடு. "இந்த மைதானத்துல இது சாதனை!"

ஏழாவது குழிக்கு முதல் பந்தை அடிக்கும் மேடைக்கு வந்தபோது மணி இரண்டு ஐம்பத்தைந்து. எதிரே நீளமான மணல்மேடு. குழி அதற்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாது. மேட்டுக்கு மேலே வானத்தில் அனல்மின் நிலையத்தின் சிம்னிகள் வரிசையாக நின்றன. கடல் காற்று ரெஜியின் கிழிந்த பேண்ட்டைப் பட்டம்போல் படபடக்கவிட்டது.

"அதோ!"

ஜார்ஜ் துள்ளினார். மணல்மேட்டின் விளிம்புக்கு மேலே, இடது பக்கம், ஒரு சிவப்புக் கொடி படபடத்துக்கொண்டிருந்தது.

"பாத்தியளா? இன்னைக்கும் மாத்தி வச்சுட்டா! அதே எடம்! நேத்து நான் பாத்த அதே எடம்!"

"அண்ணாச்சி," என்றாள் ஜஹானாரா. "நான் ஒன்றரை மணிலேர்ந்து உங்க பக்கத்துலதான் நிக்கிறேன்."

ஜார்ஜ் அவளைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"ஆள் வச்சு மாத்தியிருப்பா," என்றார். குரலில் பாதிக் காற்று போயிருந்தது.

"மேல போறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி," என்றார் ரஹீமுன்னிசா. "நேத்து நீங்க அடிச்ச பந்துல அடையாளம் ஏதாவது உண்டா?"

"பச்சை நங்கூரம். எங் கடை முத்திரை. என் பந்து அத்தனைலயும் நானே வரைஞ்சு வச்சிருப்பேன்."

"அது எங்க விழுந்திருக்கும்?"

"கொடிக்கு ரெண்டு அடிக்குள்ள. மேட்டுக்கு அந்தப் பக்கம் எறங்குறத இங்கருந்தே பாத்தேன். வேதத்து மேல சத்தியம்."

"அப்படியே அந்த அட்டையில எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அவர் எழுதினார். அழுத்தி, அடிக்கோடு போட்டு, எழுதினார். ஜஹானாராவின் முகம் வெளுத்தது. ரெஜி அக்காவின் முழங்கையைச் சுரண்டினான்.

"அக்கா, நீ யார் கட்சி? அவரு சொல்றத எழுதி வேற வாங்கிக்கினா நம்ம ஆளு நாலு மணிக்கு மூட்ட கட்ட வேண்டியதுதான்!"

"ஓடு. தண்ணி ஏறிடப் போகுது," என்றார் ரஹீமுன்னிசா. புர்காவைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் ஏற ஆரம்பித்தார்.

மேட்டின் உச்சியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. வலப்பக்கம் ஏழாவது குழி. அதன் கொடி புல்லில் சமர்த்தாகப் படுத்துக் கிடந்தது. இடப்பக்கம், மேட்டின் அடிவாரத்தை உரசிக்கொண்டு முகத்துவாரத்துத் தண்ணீர். அதில் ஒரு நீல நிற ஃபைபர் படகு தரை தட்டி நின்றது. படகுக்குள் வலைக் குவியல். குவியலுக்குப் பக்கத்தில், வலை போட்ட இடத்தைக் கடலில் அடையாளம் காட்டும் நீள மூங்கில் நட்டுக்குத்தலாக நின்றது. அதன் உச்சியில் சிவப்புக் கொடி.

நேற்றைய ஆட்டத்தில் ஜார்ஜ் அண்ணாச்சி கோப்பைக்காகக் குறி வைத்து அடித்தது ஒரு படகை.

"இது எப்படி..." என்று ஆரம்பித்தவர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார்.

படகில் உட்கார்ந்திருந்த கன்னியம்மாவின் புருஷன் தேசிங்கு நிமிர்ந்தான். "இன்னா, கும்பலா வந்து நிக்கிறீங்க? நேத்து கல்லடிச்சவன் யாருன்னு தெரிஞ்சிச்சா?"

"கல்லு எங்க விழுந்துச்சு தம்பி?" என்றார் ரஹீமுன்னிசா.

"தோ, இங்க." கொடிக்கம்புக்குப் பக்கத்தில், பலகையில் மஞ்சளாய் ஒரு குழம்புக் கறை. "சட்டி ரெண்டா பொளந்துச்சு. வஞ்சிர மீனு! ஒரு துண்டு வாயில வைக்கல!"

"அந்தப் பலகையைத் தூக்கு."

தேசிங்கு தூக்கினான். அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் தேசலாய் எண்ணெய் மிதந்தது. அதற்கு நடுவே, புளிக்குழம்பு நிறத்தில், ஒரு பந்து மெல்ல உருண்டது. ரெஜி தண்ணீரில் இறங்கி, படகுக்குள் குனிந்து எடுத்துச் சட்டையில் துடைத்தான்.

பச்சை நங்கூரம்.

ஜார்ஜ் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சாப்ட்டுப் பாக்கறியா? உப்பு கரீட்டா கீது," என்றான் ரெஜி.

"ஆனா... அது எங்க கொடி மாதிரியே இருக்கே!" என்றார் ஜார்ஜ். "அதே துணி. அதே செவப்பு. எவனும் ஏமாறத்தான் செய்வான்!"

"மாதிரி இல்ல. அதே கொடிதான்," என்றார் ரஹீமுன்னிசா. "ஓரத்துல காது வச்சுத் தச்ச கொடி. ராத்திரியில வலை இருக்கிற இடம் தெரியறதுக்கு அந்தக் காதுல மினுக்கு விளக்கு கட்டுவாங்க. கோல்ஃப் கொடிக்கு எவன் அப்படித் தைப்பான்? ஜஹானாரா, இந்தக் கொடியெல்லாம் உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

ஜஹானாரா தயங்கினாள். "போன வருசம் பழசெல்லாம் கிழிஞ்சிடுச்சுன்னு சொன்னேன், ஆப்பா. வேற கலர்ல வாங்கலாம்னுதான் கேட்டேன். அண்ணாச்சிதான் கடைலேர்ந்து ஒன்பது எடுத்து அனுப்பிச்சாரு."

"தேசிங்கு, நீ எங்க வாங்கின?"

"அவரு கடைலதான். நெட்டுக்குப்பம் மொத்தமும் அவரு கடைலதான்."

ரெஜி கைகொட்டிச் சிரித்தான். "சூப்பரு! ஒன்பது கொடி புல்லுல, மீதியெல்லாம் கடல்ல! அண்ணாச்சி, வங்காள விரிகுடா மொத்தமும் ஒங்க கோல்ஃப் மைதானந்தான்! எங்க வேணா அடிச்சிக்கோ!"

ஜார்ஜ் மணலில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றினார். வழுக்கையில் காற்று அடித்தது. மெதுவாக நிமிர்ந்தார்.

"அப்போ... நான் பொய் சொல்லல."

"ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல," என்றார் ரஹீமுன்னிசா, கையெழுத்திட்ட அட்டையை நீட்டியபடி. "கொடியைப் பாத்தீங்க. நேரா அடிச்சீங்க. ரெண்டு அடிக்குள்ள விழுந்துச்சு. எதிர்க்காத்துல, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு. தப்பான கொடின்றது ஒண்ணுதான் குறை."

ஜார்ஜின் முகத்தில் ஒரு மாறுதல் வந்தது. திரும்பி, தான் அடித்த மேடையைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். படகைப் பார்த்தார். உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டார்.

"இருவது வருசமா ஆடுதேன். ஒரு பந்துகூடக் கொடிப் பக்கம் போனதில்ல. சௌக்கத் அலிகூட இப்படி அடிச்சதில்லைலா?" என்று எழுந்தார். "ஏ, ஜஹானாரா! மைதான நோட்ட எடு. நல்ல அடியெல்லாம் அதுல ஏத்துவோம்லா? இத ஏத்து!"

ஜஹானாரா மட்டைப் பையின் பக்க உறையிலிருந்து நோட்டை எடுத்தாள். ஆனால் திறக்கவில்லை.

"மைதானம் பாக்கறவங்க அளந்து கையெழுத்துப் போட்டாதான் செல்லும், அண்ணாச்சி."

"அதான் போடு."

"நான் எப்பிடிப் போடறது?" இடுப்பிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். "என்ன வேலைய வுட்டுத் தூக்கிட்டீங்களே. வேலை இல்லாதவ போட்ட கையெழுத்துன்னு நாளைக்கு சௌக்கத் பாயி கேட்டா?"

ரெஜி அக்காவைப் பார்த்தான். அக்கா சிம்னிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஜார்ஜ் கடிதத்தை வாங்கினார். தன் கையெழுத்தையே ஒரு தடவை வெறுப்போடு பார்த்துவிட்டு, நாலாய்க் கிழித்து, எட்டாய்க் கிழித்து, தண்ணீரை நோக்கிக் கையை ஓங்கினார்.

"அங்க போடாதீங்க," என்றான் ரெஜி. "மீனுங்களுக்கு வேலை பூடும்."

கிழித்ததைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி, அண்ணாச்சி படகில் ஏறினார். மட்டைப் பையில் இருந்த அளக்கும் டேப்பின் ஒரு நுனியைக் கொடிக்கம்பில் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஜஹானாரா படகின் விளிம்பில் சாய்ந்து, மறுநுனியைக் குழம்புக் கறையின் நடுவுக்கு இழுத்தாள். ஒரு விரல் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. புல்லில் அளப்பதுபோலவே அளந்தாள்.

"இருவத்தோரு இஞ்ச்."

"ரெண்டு அடிகூட இல்ல!" என்று கத்தினார் ஜார்ஜ்.

படகு ஆடியது. அடிப்பாகம் மண்ணை விட்டு எழும்பியது.

"தண்ணி வந்திடுச்சு!" என்று தேசிங்கு கழியை ஊன்றித் தள்ளினான். "யம்மா, நவுரு!"

"லேய், நில்லுல! நான் எறங்கணும்லா!"

"நின்னா நாளைக்குத்தான் போட்டு போவும். குந்து அண்ணாச்சி. ஒன் கடை வலைதான், புடி, ஒரு கை குடு. நேத்து கொழம்புக்கு அது சரியாப் பூடும்."

எஞ்சின் உறுமியது. டேப் ஜஹானாராவின் கையிலிருந்து நழுவிப் படகோடு போனது. சிவப்புக் கொடி முகத்துவாரத்தைத் தாண்டி அலையில் ஏறி இறங்கியது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தார் கிளப்பின் செயலாளர்.

"அக்கா, எப்ப திரும்புவாரு?"

"விடியக்காலை. அவர் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிடு. ஆடப் போயிருக்கார்னு சொல்லு."

ஜஹானாரா மணலில் மண்டி போட்டு, நோட்டை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். காற்று பக்கத்தைப் புரட்டப் பார்த்தது, முழங்கையால் அழுத்திக்கொண்டாள்.

கடலிலிருந்து குரல் வந்தது. "தேதி போட்டியா?"

"போட்டுட்டேன், அண்ணாச்சி!"

"எத்தன இஞ்சுன்னு போட்டியா?"

"போட்டுட்டேன்! கீழ என் கையெழுத்தும் போட்டுட்டேன்!"

படகு இன்னொரு அலையில் ஏறியது. எஞ்சின் சத்தத்தையும் மீறி அண்ணாச்சியின் குரல் கரைக்கு வந்து சேர்ந்தது.

"நல்லா பெருசாப் போடு!"